சுவரலமாரியும் ஒலிபெருக்கியும்



வீட்டுச் சுவரில் அமைந்த அலமாரிக்கு ஏற்றவாறு ஓர் ஒலிபெருக்கியை நாமே செய்து பொருத்துவது மிகச் சிறிய காரியம். அதற்கும் ஒரு வரலாறு உண்டா என்று நீங்கள் வினவலாம். உண்டு. அந்த வரலாற்றில் நாட்டின் பெரிய நகரங்களும் வருகின்றன. மரக்காணத்து உப்பளக் கரையில் இருந்த என் சிறிய வீடும் வருகிறது. அச்சிறு வீட்டின் அலமாரியில் நான் செய்த ஒரு பிழை, ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பைக் கரைத்துவிட்டது. அதனையும் மறைக்காமல் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது கூறுவேன். மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில், புதுவைக்கு வடக்கே உள்ளது. மேற்கே கழுவேலி என்னும் பெரிய நீர்ப்பரப்பு, கிழக்கே வங்கக்கடல், இடையே வெள்ளை வெளேரென்று விரிந்த உப்புப் பாத்திகள். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இவ்வூரை அடுத்தே முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றன. இன்னும் பின்னோக்கிச் சென்றால், பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர்.

சிறிய யாழைக் கையில் ஏந்திய பாணனை நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவது அந்நூல். யாழை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. யாழின் நரம்பை மட்டும் தனியே கட்டி மீட்டினால் அருகில் இருப்பவர்க்கே அது கேட்பது அரிது. நரம்பின் அசைவை ஏற்றுப் பெருக்குவது பத்தர் என்னும் குடைந்த உறுப்பும், அதன்மேல் போர்த்த தோலும் ஆகும். ஒலியைப் பிறப்பிப்பது ஒன்று, அதனைச் சபைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கடம் என்னும் வாத்தியமும் இதற்குச் சான்று. மண்ணும் நெருப்பும் சேர்ந்து ஆக்கிய ஒரு பானை, உள்ளே அடைபட்ட காற்றின் துணையால் பெரிய சபையை நிறைக்கிறது அன்றோ?

இனி வானொலியின் வரவைக் காண்போம். சென்னையில் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றிற்று. 40 வாட் ஆற்றல் உடைய ஒரு சிறு கருவியைக் கொண்டு அச்சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. சங்கத்தின் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதே மாதத்தில்தான் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டார். பின்னர் 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் திறக்கப்பெற்றன. புதுவை நிலையம் 1967-இல் வந்தது.

தொடக்க நாட்களில் வானொலியைக் கேட்பது ஒருவர் காதோடு முடியும் செயலாக இருந்தது. படிகக் கருவியை வைத்துக்கொண்டு, காதில் கவசம் போன்ற கேட்புக் குழல்களை மாட்டிக்கொண்டு கேட்டனர். பக்கத்தில் இருப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. மாநகராட்சி ஒலிபரப்பு இதனை மாற்றியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி, கருவி வாங்க இயலாதவரும் கேட்க வழி செய்தது. வானொலியைத் தனி மனிதர் உடைமையிலிருந்து பொது உடைமை ஆக்கிய கருவி ஒலிபெருக்கியே எனலாம்.

அவ்வொலிபெருக்கியின் உள்ளமைப்பு எளியது. ஒரு காந்தம், அதன் இடுக்கில் அசையும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இம்முறையில் ஒரு நல்ல ஒலிபெருக்கியை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் விளக்கிக் காட்டினர். இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அந்த வழிவந்தவையே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்னொலியும் பின்னொலியும் ஒன்றையொன்று சந்தித்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வெறும் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். கொசு பாடுவதுபோல் மெலிந்து ஒலிக்கும். ஆகவே இரண்டையும் பிரிக்க ஒரு பலகையோ பெட்டியோ வேண்டும். பின்னொலியைத் துளை வழியே பக்குவமாக முன்னே கொணரும் பெட்டிக்குத் துராஸ் என்பவர் 1932-இல் காப்புரிமை பெற்றார். முற்றும் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்போல் பயன்படுத்தும் முறையை எட்கர் வில்ச்சர் 1954-இல் வகுத்தார். சிறிய இடத்தில் அடங்கும் பெட்டியிலிருந்தும் நல்ல தாழ்சுரம் பெறலாம் என்பது அதனால் உறுதியாயிற்று.

நம் நாட்டு மக்கள் இந்த ஏட்டு விளக்கங்களுக்குக் காத்திருக்கவில்லை. 1970களிலும் 1980களிலும் சைக்கிள் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டியிருந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். பானை பெட்டியாயிற்று, விலையோ சில காசுகள். வீடுகளிலோ சுவரலமாரி இருந்தது. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் ஒன்றரை அடிக் கனம் உடையவை. அக்கனத்துக்குள்ளேயே விளக்கு மாடமும், நூல்கள் வைக்கும் அலமாரியும் அமைந்துவிடும். தனி மேசை வாங்க இயலாத வீட்டில், வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் அந்த அலமாரியே இடம்.

எனது இளமையில் எங்கள் ஊரில் பஞ்சாயத்து அலுவலகத்தின் கம்பத்தில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. மாலையில் உப்பளத்திலிருந்து திரும்புவோர் அதன்கீழ் அமர்ந்து செய்தி கேட்பர். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற காலத்தில் அது பழுதுற்று ஓய்ந்திருந்தது. ஆகவே என் வீட்டு வானொலியோடு இணைக்க ஓர் ஒலிபெருக்கி செய்ய முனைந்தேன். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தது. அந்த அங்காடி 1985-இல் தீக்கு இரையாவதற்குச் சில காலம் முன்பு அது. கையில் இருந்த பலகைகளைக் கொண்டு, பின்புறம் திறந்த ஒரு சிறு பெட்டி செய்து, கூடத்துச் சுவரலமாரியின் உள்ளே, சுவரோடு சுவராகத் தள்ளி வைத்தேன். பாட்டு முழங்கிற்று. நானும் பெருமிதம் கொண்டேன்.

மாலைதோறும் அண்டை வீட்டார் திண்ணையில் வந்து அமர்வர். அவர்கள் இசைக்காக மட்டும் வரவில்லை. வானிலை அறிக்கைக்காக வந்தனர். உப்பளத் தொழிலை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். பாத்தியில் வாரிய உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவிப்பர். மழை வருமெனத் தெரிந்தால் கீற்றுகளைக் கொண்டு மூட வேண்டும். மூடாத அம்பாரம் ஒரே பெருமழையில் கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிவிடும்.

ஒரு புரட்டாசி மாத இறுதி. அன்றிரவு வட கடலோர மாவட்டங்களில் பலத்த மழை பெய்யும் என்று அறிக்கை கூறிற்று. அலமாரிக்கு நேர் எதிரே அமர்ந்திருந்த நான் தெளிவாகக் கேட்டேன். திண்ணையில் இருந்தோரும் கேட்டிருப்பர் என எண்ணி உறங்கச் சென்றேன். நள்ளிரவில் மழை கொட்டியது. விடிந்ததும் உப்பளத்தில் பணிபுரியும் ஓர் அம்மையார் நனைந்த புடைவையோடு என் வாசலில் நின்றார்.

“ஐயா, மழை தெற்கே என்றுதானே ரேடியோவில் சொன்னார்கள்?” என்றார்.

“இல்லையம்மா, வடக்கே என்றே சொன்னார்கள்.”

“எங்களுக்குத் திண்ணையில் எல்லாச் சொல்லும் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல்தான் கேட்கும், ஐயா. ‘கடலோரம்’ என்பது காதில் விழுந்தது. முன்னால் இருந்த சொல் விழவில்லை. தெற்கே என்று யாரோ சொன்னார்கள். நாங்களும் அம்பாரத்தை மூடாமல் இருந்துவிட்டோம்.”

அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமை ஆயிற்று. பல வாரங்கள் வெயிலில் நின்று வாரிய உப்பு அது.

பிழை எங்கே என்று அன்றே ஆராயத் தொடங்கினேன். அலமாரியின் ஆழத்தில் வைத்த பெட்டிக்கு முன்னே நான்கு அங்குல வெற்றிடம் இருந்தது. பக்கங்களிலும் இடைவெளி. பெட்டியின் பின்புறமோ திறந்தது. ஆகவே பின்னொலி அலமாரிக்குள் சிக்கிச் சுழன்று, முன்னொலியோடு கலந்து முழங்கிற்று. முழக்கம் தாழ்ந்த ஒலிகளுக்கு உரியது. சொற்களை வேறுபடுத்திக் காட்டும் மெய்யெழுத்துகளோ பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில் உள்ளன. உயர்ந்த ஒலி விளக்கொளிபோல் நேரே செல்வது; பக்கவாட்டில் குறைவாகவே பரவும். நேர் எதிரே இருந்த எனக்குச் சொல் வந்தது. வாசலுக்கு அப்பால் இருந்தவர்க்கு முழக்கம் மட்டுமே சென்றது. என் காதுக்காக மட்டும் செய்த கருவியை ஊருக்குச் செய்ததாக எண்ணியிருந்தேன்.

மறுமுறை அலமாரியை முதலில் அளந்தேன். அகலம் 20 அங்குலம், உயரம் 15, ஆழம் 12. சுண்ணாம்புச் சுவர் நேராக இராது. ஆகவே மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கொள்ள வேண்டும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகையால், வெளியளவு 19, 14, 11½ அங்குலமாகப் புதுப்பெட்டி செய்யப்பெற்றது. உட்கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. எட்டங்குல ஸ்பீக்கருக்கு அது போதுமானது. என் மாணவர்கள் சிலர் மூட்டுகளுக்குப் பசையிட்டு, காற்றுப் புகாமல் அடைத்தனர். உள்ளே இலவம்பஞ்சு இட்டோம். பெட்டியின் முகம் அலமாரியின் விளிம்போடு ஒன்றி நிற்குமாறு வைத்து, சுற்றியுள்ள இடைவெளியைப் பழந்துணித் திரியால் இறுக்கினோம். இப்போது சுவரே பெட்டியின் முகப்பலகை நீண்டாற்போல் உதவிற்று. ஸ்பீக்கர் பொருந்தும் பலகையை வாசலை நோக்கிச் சற்றே சாய்த்து அமைத்தோம்.

கடற்கரை ஊர்க்கு உரிய ஒரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். காந்த இடுக்கில் துரு ஏறினால் சுருள் உராய்ந்து கரகரக்கும். ஈரத்தால் காகிதக் கூம்பும் தளரும். ஆகவே பித்தளைத் திருகாணிகளையே கையாண்டோம். பெட்டிக்கு இருமுறை வார்னிஷ் பூசினோம். முகத்தில் மெல்லிய துணி கட்டினோம். ஆயினும் உப்பைப் பற்றி நன்மையும் ஒன்று கூற வேண்டும். மத்திய அலை வரிசை, நிலத்தைக் காட்டிலும் உப்பு நீர்ப்பரப்பின்மேல் வலிமை குன்றாது நெடுந்தொலைவு செல்லும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் கடலோர ஊர்களில் அத்துணைத் தெளிவாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அலையைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உப்பு; அதனைக் கேட்கும் கருவியைத் தின்பதும் உப்பு!

பெட்டி முடிந்த நாளில் நான் கூடத்தில் அமரவில்லை. திண்ணையின் கடைக்கோடியில் அமர்ந்தேன். அந்த அம்மையாரையும் அருகில் இருக்கச் சொன்னேன். மாநிலச் செய்தியும் வானிலை அறிக்கையும் வந்தன. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அவர் அதனைத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லும் தவறவில்லை. பின்னர்த்தான் பெட்டியை அலமாரியில் நிலையாகப் பொருத்தினேன். இசை முன்னைப்போல் முழங்கவில்லை என்று மாணவன் ஒருவன் வருந்தினான். முழக்கம் குறைந்தது மெய்தான், சொல் துலங்கிற்று.

வானொலியின் சொல் ஊர்க்கு என்ன செய்யும் என்பதற்குத் தஞ்சைத் தரணி ஓர் எடுத்துக்காட்டு. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வானொலியின் வழியே பரவியதால், உழவர் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அங்கே கேட்ட சொல் விளைந்தது. எங்கள் ஊரில் கேளாத சொல் கரைந்தது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. எச்சரிக்கை அதன் வழியே வருகிறது. ஆயினும் 2011 டிசம்பரில் தானே புயல் இக்கரையைத் தாக்கியபோது மின்சாரம் பல நாள் இல்லாத ஊர்கள் பல. அப்போது மின்கல வானொலி உள்ள வீட்டுக்கு அண்டை அயலார் மீண்டும் வந்து கூடினர். என் அலமாரிப் பெட்டியும் அன்று பேசிற்று. இருமுறை கூம்பு மாற்றியதுண்டு, பெட்டி பழையதே.

இன்றைய இளைஞர்கள் அழகிய கூடங்களில் சுவரோடு அமைந்த அலமாரிகளுக்கு ஏற்ப ஒலிபெருக்கிகளைத் தாமே செய்கிறார்கள் என்று அறிந்து மகிழ்கிறேன். அளவுகோலும் இரம்பமும் பிடித்துக் கற்கும் பௌதிகம் நெஞ்சில் நிலைக்கும். அவர்களுக்கு இந்த முதிய ஆசிரியன் கூறுவது ஒன்றே. அலமாரியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்த பின்னர், கடைசியாகக் கேட்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். அங்கே போய் அமர்ந்து கேட்டுப் பார்த்த பின்னரே திருகாணியை முடுக்குங்கள்.