பட்டினியிலிருந்து முட்டைக்கு

குளுகோஸ் 400 கிராம், கடலை எண்ணெய் 100 கிராம், இரண்டையும் சேர்த்துக் குழைக்கக் கொஞ்சம் பிசின், மொத்தம் ஒரு லிட்டர் வருகிற அளவுக்குத் தண்ணீர். 1949 வாக்கில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில், திடீரென்று சிறுநீர் நின்றுபோன நோயாளிக்கு ஒரு நாள் சாப்பாடு இதுதான். வயிற்றுக்குள் இறக்கிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நோயாளி வாந்தி எடுத்தால் அதை வடிகட்டி மறுபடியும் அதே குழாயில் விடுவார்கள். கிரஹாம் புல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறை இது. கேட்கவே குமட்டுகிறது, ஆனாலும் இதனால் பிழைத்து வீடு திரும்பியவர்கள் உண்டு.

காரணம் எளிது. சாப்பிடுகிற புரதம் உடம்பில் சிதையும்போது யூரியா உண்டாகிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லையென்றால், புரதத்தையே நிறுத்திவிடலாம். குளுகோஸும் எண்ணெயும் கொடுத்துச் சில வாரம் தாக்குப்பிடிக்க வைத்தால் சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளும். திடீர்ச் செயலிழப்புக்கு இந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

அதற்கு முன்பே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த வால்டர் கெம்ப்னர் சிறுநீரக நோயாளிகளுக்குச் சோற்றை மருந்தாக்கியிருந்தார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, உப்பு கிடையாது, புரதம் நாளுக்கு 20 கிராம் அளவில். 1942இல் ஒரு பெண்ணிடம் இரண்டு வாரம் இதைச் சாப்பிடச் சொன்னார். அவருடைய ஜெர்மன் வாடையடித்த ஆங்கிலம் புரியாமல் அந்தப் பெண் இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ரத்த அழுத்தம் குறைந்திருந்தது, வீங்கியிருந்த இதயம் சுருங்கியிருந்தது. அந்தத் தவறான புரிதலுக்குப் பிறகுதான் கெம்ப்னர் இந்தப் பத்தியத்தை மாதக்கணக்கில் கொடுக்கத் துணிந்தார்.

நெதர்லாந்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. நாஜிப் படை ஆண்ட காலம். காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் 1943இல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை உருவாக்கினார். சாசேஜுக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டார். முதலில் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945 செப்டம்பரில்தான் 67 வயதுப் பெண் ஒருவர் இந்த இயந்திரத்தால் பிழைத்தார். அதே நாட்டில், ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் போர்ஸ்ட் இந்த இயந்திரத்தை நம்பவில்லை. அவர் நம்பியது வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த புரதமில்லாக் கூழை. இயந்திரமா, பத்தியமா என்பது அன்று மருத்துவர்கள் பிரிந்து நின்று வாதாடிய கேள்வி.

1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்றைப் பொருத்தினார். இயந்திரத்தோடு இணைக்க ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயை அறுக்க வேண்டிய நிலை அத்தோடு போயிற்று. போயிங் ஆலைத் தொழிலாளியான ஷீல்ட்ஸ் அதன் பிறகு 11 ஆண்டு வாழ்ந்தார். சிறுநீரகம் நிரந்தரமாகப் போனவரும் வாழலாம் என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

தட்டில் மட்டும் பழைய பயம் விலகவில்லை. இத்தாலியின் பீசா நகரில் ஜொவானெட்டி 1964இல் வெளியிட்ட பத்தியம் நாளுக்குச் சுமார் 20 கிராம் புரதம்தான் தந்தது. அதற்காகவே புரதம் நீக்கிய மாவில் பாஸ்தா செய்தார்கள். இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கிடைக்காதவருக்கு அது வரம்: வாந்தி நின்றது, சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன. டயாலிசிஸ் கிடைத்தவர்களையும் ஆரம்ப ஆண்டுகளில் புரதத்தில் இறுக்கியே வைத்தார்கள். இயந்திரம் இல்லாத காலத்து அறிவுரை, இயந்திரம் வந்த பிறகும் பழக்கமாகத் தொடர்ந்தது. டயாலிசிஸ் கழிவை மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு அமர்விலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலமும் அதோடு போய்விடுகிறது.

1990இல் எட்மண்ட் லௌரியும் நான்சி லூவும் 12,000க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளை எடுத்து அலசினார்கள். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் குறைந்தவர்களும்தான் அதிகம் இறந்திருந்தார்கள்! டயாலிசிஸுக்கு வராதவருக்குக் கிரியாட்டினின் குறைவது நல்ல செய்தி. இவர்களுக்கோ அது தசை கரைந்துவிட்டது என்பதன் அடையாளம். ரத்தத்தில் யூரியா குறைந்திருந்தால் டயாலிசிஸ் நன்றாக நடக்கிறது என்றும் இருக்கலாம், ஆள் சாப்பிடவே இல்லை என்றும் இருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று வீட்டார் நிம்மதியடைந்த எத்தனை பேர் உண்மையில் மெலிந்துகொண்டிருந்தார்களோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அதன் பிறகு அறிவுரை தலைகீழாக மாறியது. அமெரிக்காவில் 2000இல் வந்த வழிகாட்டி, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்றது. 2020இல் வந்தது 1.0 முதல் 1.2 என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஜொவானெட்டி தந்ததைப் போல மூன்று மடங்கு.

ஆசையாகச் சாப்பிட முடியாதபடி செய்தது பத்தியம் மட்டுமல்ல, ரத்தசோகையும்தான். சியாட்டிலைச் சேர்ந்த ஜோசப் எஷ்பாக் குழுவினர் 1987இல், ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியின் பலனை வெளியிட்டார்கள். 1989இல் அது விற்பனைக்கு வந்தது. ரத்தம் ஊறியது, பசி எடுத்தது, மாடிப்படி ஏற முடிந்தது. நோயாளி எப்படி வாழ்கிறார் என்று அவரையே கேட்கும் பழக்கமும் இதே காலத்தில் வேரூன்றியது. 1994இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் சிறுநீரக நோயாளிகளுக்கென்று வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். தண்ணீர்க் கட்டுப்பாடு உங்களை எவ்வளவு வருத்துகிறது, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எவ்வளவு வருத்துகிறது என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. 

தண்ணீர் விஷயத்தில் பிரான்சின் தசான் மருத்துவமனை காட்டிய வழியைச் சொல்லாமல் விட முடியாது. 1960களின் கடைசியிலிருந்தே அங்கே வாரம் மூன்று முறை, எட்டு எட்டு மணி நேரம் டயாலிசிஸ். கூடவே உப்பைக் குறைத்த சாப்பாடு. பெரும்பாலோருக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. தாகத்தைக் கிளப்புவது உப்புதான். ஊறுகாயையும் அப்பளத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் அளந்து குடி என்று சொல்வது நோயாளியை வதைப்பதுதான்.

நம் வீடுகளில் டயாலிசிஸ் நோயாளிக்குக் கிடைக்கிற முதல் பட்டியல் பெரும்பாலும் கூடாதவற்றின் பட்டியல். பொட்டாசியம் காரணமாக இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் போகும். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சோற்றுக் கஞ்சியை வடிப்பதுபோல் வடித்துக் கொட்டச் சொல்வார்கள். இதெல்லாம் தேவைதான், பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆனால் அந்தப் பட்டியலில் பருப்பும் மீனும் முட்டையும் சேர்ந்து அடிபட்டுப்போனால், மிஞ்சுவது ரஸ்க்கும் கஞ்சியும்தான்.

டயாலிசிஸ் நடக்கும்போதே சாப்பிடலாமா என்பதில் இன்னும் ஒரு முடிவில்லை. ஜெர்மனியில் சாப்பாடு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் பல மையங்கள் ரத்த அழுத்தம் இறங்கும், புரையேறும் என்று அஞ்சித் தடுக்கின்றன. மருத்துவர் அனுமதித்தால், வீட்டிலிருந்து கொண்டுபோகும் டிபன் பாக்ஸில் அவித்த இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவையும் வைக்கலாம். டயாலிசிஸ் நோயாளி குறைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பரஸ் அதில் குறைவு. புரதம் சுமார் 7 கிராம் கிடைக்கும்.