ஆலைப்படி அமைந்த வண்டி எது? தென்காசி வட்டாரத்து அமெரிக்க மோட்டார்கள் குறித்து ஓர் ஆய்வு

பழைய அமெரிக்க மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர், திருகாணியின் தலைவடிவம் முதல் மேற்பூச்சின் நிறம் வரை யாவும் ஆலையினின்று வெளிவந்தபடியே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துவது நியாயமே. ஆயினும் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பிரதேசத்தில் ஓடிய வண்டிகளைப் பொறுத்தவரை, அந்த ஆலை எது என்பதைத் தீர்மானியாமல் டெட்ராய்ட் நகரத்துக் கைநூலையே பிரமாணமாகக் கொள்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

1926-ல் தோன்றிய இந்திய போர்டு கம்பெனி, கனடா போர்டு கம்பெனியின் கிளையாகும். சாம்ராஜ்ய நாடுகள் பலவற்றில் கனடாச் சரக்குக்குச் சுங்கச் சலுகை இருந்தமையால், வலப்புற ஸ்டியரிங் கொண்ட வண்டிகளின் உற்பத்தி ஒண்டேரியோ மாகாணத்து வின்ட்ஸர், ஆஷவா நகரங்களில் வேரூன்றியது. ஆஷவாவில் உருவான பாண்டியாக் வண்டிகள் சிலவற்றில் ஷெவர்லே எஞ்சினே இருந்தமை, பிற்காலத்துப் பழுதுபார்ப்போர் செய்த மாற்றமன்று, ஆலையின் ஏற்பாடேயாகும்.

கப்பற் கூலியைக் குறைக்கும் பொருட்டு, சட்டமும் எஞ்சினும் உடற்தகடுகளும் தனித்தனியே பெட்டிகளில் வந்திறங்க, ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய்ச் சிவ்ரியில் நிறுவிய தொழிற்சாலையிலும், போர்டு கம்பெனி பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அமைத்த கூடங்களிலும் அவை இணைக்கப்பட்டன. 1936-ல் சாகாகஞ்சில் டன்லப் உற்பத்தி தொடங்கியபின் டயரும் இந்நாட்டுச் சரக்காகலாயிற்று. மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் ஸ்தாபனம் முதலியோர் தென்ஜில்லாக்களில் விற்ற வண்டிகள் இவ்வழியே வந்தவை.

இதன்மேல் ஸ்தல மாற்றங்கள் ஏறின. மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய அக்கால உடலமைப்புக்கு ஆனி, ஆடிச் சாரலின் ஈரம் பகையாதலின், மரத்தொழிலில் பெயர்பெற்ற செங்கோட்டை அருகிருக்கும் இவ்வட்டாரத்து வண்டியில் தேக்குச் சட்டம் காணப்படின் அதில் வியப்பில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுக் கருவி பொருத்திய வண்டிகளில், அதைத் தாங்கிய இரும்புப் பிடிகளின் துளைகள் எஞ்சியிருக்கக்கூடும்.

1949-ல் முழுவண்டி இறக்குமதி தடுக்கப்பட்டது. உற்பத்தித் திட்டமின்றி இணைப்பு மட்டும் செய்வோர் விலகவேண்டும் என்ற 1953-ம் ஆண்டுச் சுங்கவரிக் கமிஷனின் சிபார்சை அடுத்து, ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கதவடைத்தது. வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஸ்தாபனமோ கிறைஸ்லர் கூட்டுறவுடன் தொடர்ந்து நடந்து, பிளிமத் உடலையே டாட்ஜ் கிங்ஸ்வே, டிஸோட்டோ டிப்ளமாட் என்ற பெயர்களிலும் விற்றது. அவ்வாறே ஒரே லாரி டாட்ஜ், டிஸோட்டோ, பார்கோ என முப்பெயர் பூண்டது. சென்னை சிம்ப்ஸன் தயாரித்த பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின்களின் இடத்தைப் பிடித்ததும் இக்காலத்தை ஒட்டியே.

ஆதலின் ஒவ்வோர் உறுப்பும் எங்கே உருவாயிற்று, எங்கே பூட்டப்பட்டது, எக்காரணத்தால் பின்னர் மாற்றப்பட்டது என்ற மூன்றையும் விசாரித்தே ஆலைநிலையை நிர்ணயித்தல் தகும். பம்பாயில் பூசிய வர்ணத்தைச் சுரண்டி அமெரிக்க வர்ணம் பூசுவது, அவ்வண்டி ஒருபோதும் அடைந்திராத நிலையைக் கற்பிப்பதேயாகும். பி-6 எஞ்சினைக் கழற்றுவோரோ, அது யாரால், எதற்காக, எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதை முன்னதாகக் குறித்து வைத்தல் கடமை.