பொரித்த எண்ணெயும் வரிச் சலுகையும்



வடையும் ரோல்ஸும் பொரித்து மிஞ்சும் எண்ணெய்க்கும் பிரித்தானிய நிதியமைச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

2002 இல் வேல்ஸில் சில சாரதிகள் சமையல் எண்ணெயை டீசல் காருக்குள் ஊற்றி ஓடினார்கள். புகையில் சிப்ஸ் வாசம் வர, பொலிசாரிடம் பிடிபட்டார்கள். எண்ணெய் ஊற்றியது குற்றமல்ல. எரிபொருள் வரி கட்டாததுதான் குற்றம்.

அதே ஆண்டு யூலையில் அரசு பயோடீசலுக்கான வரியை லீற்றருக்கு 20 பென்ஸ் குறைத்தது. சாதாரண டீசலுக்கு 45.82 பென்ஸ், பயோடீசலுக்கு 25.82 பென்ஸ். பாவித்த எண்ணெயைச் சேர்த்துப் பயோடீசல் செய்வது தொழிலாகியது. 2007 இல், ஆண்டுக்கு 2,500 லீற்றருக்குள் செய்பவருக்கு வரியே இல்லை என்றானது.

2008 ஏப்ரலில் முறை மாறியது. எரிபொருள் நிறுவனங்கள் தமது விற்பனையில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருளாகக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. செலவு திறைசேரியிடமிருந்து வாகனக்காரர் தலைக்கு வந்தது. 2010 ஏப்ரலில் 20 பென்ஸ் சலுகை நின்றது. பாவித்த எண்ணெய்க்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தவணை கிடைத்தது. அதே மார்ச் 1 ஆம் திகதிதான் ஸ்கொட்லாந்தின் மேற்கு, வடக்குத் தீவுகளுக்கும் சில்லித் தீவுகளுக்கும் பெற்றோல், டீசலில் 5 பென்ஸ் சலுகை தொடங்கியது.

அறவிடாமல் விடும் வரியும் பொதுப்பணம்தான். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும். ஆகவே சலுகையை நம்பி இயந்திரம் வாங்குபவர் "எவ்வளவு?" என்பதோடு "எந்தத் திகதிவரை?" என்றும் கேட்கவேண்டும்.