கோழிக்கோனும் திருவாழிப் பொறியும்

பெருமாள் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் அரங்கன் அடியாருடைய திருவடித்தூளியைப் பற்றியது. அதை முடிக்கும் பாசுரத்தில் குலசேகரப் பெருமாள் தம்மைக் கொல்லிமலைக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தலைவராகச் சொல்லிக்கொள்கிறார். கொல்லி சேரருடையது, கூடல் பாண்டியருடையது, கோழி சோழருடைய உறையூர். அடியார்க்கு அடியராய் நிற்கவேண்டும் என்று ஒன்பது பாட்டுப் பாடியவர் பத்தாம் பாட்டில் மூன்று நாட்டு உரிமையையும் எடுத்துரைப்பானேன் என்று சங்கை எழும். பெருமை பேசுவதற்காக அன்று, அத்தனையும் உடையவன் அத்தனையும் அடியார் காலில் வைத்தான் என்று காட்டுவதற்காக என்பது ஸமாதாநம். அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் 'கோழி' என்ற பெயரைத் தனியே எடுத்து ஆராய இடமுண்டு.

உறையூருக்குக் கோழி என்று பெயர் வந்த கதை சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. கோழியொன்று யானையோடு பொருது அதைப் புறங்காணச் செய்ததாம். அந்நிலத்தின் வலிமையைக் கண்ட சோழன் அங்கே நகர் அமைத்தானாம். இளங்கோவடிகள் இவ்விடத்தில் வாரணம் என்னும் சொல்லை இருமுறை ஆள்கிறார். ஒருமுறை அது யானை, மற்றொருமுறை கோழி. தமிழில் அச்சொல் இரண்டுக்கும் உரியது. வென்றதற்கும் தோற்றதற்கும் ஒரே பெயர் இருப்பது வெறும் சொல்லணி என்று கடந்துபோகத் தக்கதன்று. புறநானூற்றில் பிசிராந்தையார் தம் நண்பன் கோப்பெருஞ்சோழனைக் கோழியோன் என்றே சொல்கிறார். ஆகவே ஆழ்வார் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே ஒரு பறவையின் பெயர் ஊருக்கும், ஊரின் பெயர் அரசனுக்கும் ஏறிவிட்டது.

இத்தகைய வழக்குகளை இக்காலத்து மாநிடவியலார் குலக்குறி என்ற தலைப்பில் வைத்துப் பேசுவர். அவர்கள் வழங்கும் 'டோட்டம்' என்னும் சொல் வட அமெரிக்க ஒஜிப்வே பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. 1791இல் ஜான் லாங் என்ற வணிகர் எழுதிய பயண நூலின் வழியே அது ஐரோப்பாவை எட்டியது. ஒரு குலத்தார் ஒரு விலங்கையோ பறவையையோ தம் மூதாதை போலக் கொண்டு, அதைக் கொல்லாமலும் உண்ணாமலும், அக்குறியை உடைய பிறரோடு மணவுறவு கொள்ளாமலும் இருப்பதே அதன் இலக்கணம் என்று 1910இல் ஃபிரேசரும் 1912இல் துர்க்கைமும் விரித்தெழுதினர். 1962இல் லெவி ஸ்ட்ரோஸ் இந்த இலக்கணமே ஆய்வாளர் கட்டிய கூண்டு என்று மறுத்தார். தமிழகத்தில் இவ்விலக்கணத்துக்கு ஓரளவேனும் பொருந்துவது கொங்கு வேளாளரின் குலப்பெயர் வழக்கு. ஆந்தை குலம், காடை குலம் என்று பறவைப் பெயர் பூண்ட குலங்கள் அங்கே உண்டு. ஒரே குலத்தார் தம்முள் மணப்பதில்லை.

அரசர்களின் சின்னமோ இவ்விலக்கணத்தில் அடங்காது. சோழர் தம்மைச் சூரிய குலத்தார் என்றனர். புலியின் வழிவந்தோம் என்று சொன்னதில்லை. பாண்டியர் சந்திர குலத்தார். மீன் அவர்களுக்கு மூதாதையன்று. பிற்காலச் சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில் புலியும், பக்கத்தில் இரட்டைக் கயலும், வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. வென்றவன் தன் குறியோடு தோற்றவர் குறியையும் தன் குடைக்கீழ்க் கொண்டுவந்து வைக்கிறான். குலக்குறி தன் குலத்தைப் பிற குலங்களிலிருந்து பிரித்துக் காட்டும். அரச முத்திரையோ இது யாருடைய ஆணை, இது யாருடைய உடைமை என்று அறிவிக்கும். இரண்டும் விலங்கின் உருவையே கொண்டிருந்தாலும் ஒன்றாகா. உறையூர்க் கோழி இவ்விரண்டிலும் சேராமல் நிலத்தின் குறியாய் நிற்கிறது. சோழன் கொடியிலும் முத்திரையிலும் ஏறியது புலியே. கோழி ஊரோடு தங்கிவிட்டது.

கோழிக்கு அக்காலத் தமிழர் தந்த மதிப்பை அறிய விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் நடுகல்லைப் பார்க்கவேண்டும். முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட சேவல் ஒன்றுக்குப் பழைய வட்டெழுத்தில் செய்தி பொறித்து, உருவமும் வெட்டி எழுப்பிய கல் அது. ஆளுக்கு எடுக்கும் கல்லைப் பறவைக்கும் எடுத்த நாட்டில், யானையை வென்ற கோழியின் பெயரால் தலைநகர் வழங்கியதில் வியப்பென்ன!

மத்ஸ்யம், கூர்மம், வராஹம் முதலிய அவதாரங்களும் கடவுளரின் வாகனங்களும் பழங்குடிகளின் குலக்குறிகளே, அக்குடிகள் ஒன்றோடொன்று கலந்தபோது அவையும் ஒரு தெய்வத்தைச் சுற்றி அமைந்தன என்று டி. டி. கோசம்பி முதலானோர் எழுதினர். ஓர் உருவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒருவேளை விடையாகலாம். அது கோயிலில் என்ன செய்கிறது என்பதற்கு விடையாகாது. இயல்பால் கருடன் பாம்புக்குப் பகை. திருவரங்கத்தில் பெரிய பெருமாள் அநந்தன்மேல் கண்வளர்ந்தருள, பெரிய திருவடி எதிரே கைகூப்பி எழுந்தருளியிருக்கிறார். இரு குலங்களின் குறிகள் என்று கொண்டால் இவை பொருதே தீரவேண்டும். இருவர்க்கும் ஸ்வரூபம் சேஷத்வமே என்னும்போது பகைக்கு இடமில்லாமற் போகிறது. அநந்தனுக்குச் சேஷன் என்ற திருநாமமே அமைந்திருக்கிறதே! ஆளவந்தாரும் ஸ்தோத்ரரத்நத்தில் கருடன் ஒருவனிடத்திலேயே அடியானையும் தோழனையும் வாகனத்தையும் கொடியையும் ஒருங்கே கண்டார். இக்கொடி நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தக்ஷசிலையிலிருந்து தூதனாய் வந்த ஹீலியோடோரஸ் என்ற யவனன், விதிசைக்கு அருகே பேஸ்நகரில் வாஸுதேவனுக்குக் கருடத்வஜம் நாட்டி, தன்னைப் பாகவதன் என்று கல்லில் எழுதிவைத்தான். கருடனை மூதாதையாகக் கொள்ளும் குலத்தில் பிறந்தவன் அல்லன் அவன்.

இனித் திருப்பல்லாண்டு. பெரியாழ்வார் வல்லபதேவனான பாண்டியன் அவையில் பரத்வ நிர்ணயம் பண்ணி, கிழியறுத்து, யானைமேல் எழுந்தருளி வீதிவலம் வருகையில், எம்பெருமான் கருடவாகனனாய் ஆகாசத்தில் தோன்ற, அதைக் கண்டு பல்லாண்டு பாடினார் என்பது குருபரம்பரை. அரசன் கயற்கொடியான், ஆழ்வாரையோ நம் பெரியோர் கருடாம்சம் என்பர். அந்த மதுரை வீதியில் பாடிய பிரபந்தத்தின் ஏழாம் பாட்டில், திருவாழியின் 'பொறி' தங்கள்மேல் ஒற்றப்பட்டதையும், 'குடிகுடி'யாகத் தாங்கள் ஆட்செய்வதையும் சேர்த்தே சொல்கிறார். பொறி என்பது புலிப்பொறி, கயற்பொறி என்று அரச முத்திரைக்கு வழங்கிய சொல். குடி என்பது குலத்தைச் சொல்லும் சொல். குலக்குறியில் குலம் முந்தியது, குறி அதற்கு அடையாளம். இங்கே அடைவு மாறி, பொறி முந்திக் குடியை ஆக்குகிறது. கயற்பொறி ஆணை செலுத்தும் ஊரில், யானைமேல் அமர்ந்து, வேறொரு பொறிக்குத் தாங்கள் தலைமுறை தலைமுறையாக உட்பட்டோம் என்று பாடுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! பாண்டியன் அதைக் கேட்டும் பொறுத்தான் என்பது அவனுக்கும் பெருமையே. பஞ்சஸம்ஸ்காரத்தில் இன்றும் தோளில் ஒற்றப்படும் சங்க சக்ர லாஞ்சனத்துக்கு ஸம்ப்ரதாயம் இப்பாட்டையே பிரமாணமாகக் கொள்கிறது.

குலசேகரரின் தனியனில் மணக்கால் நம்பி அவரை வில்லவர்கோன் என்று சேரர் குறியாகிய வில்லை இட்டே அழைக்கிறார்; அதே தனியனில் அடியாரின் குற்றமின்மையை நாட்டக் குடப்பாம்பில் கையிட்டதையும் போற்றுகிறார். நம் பூர்வர்கள் குறியை அழிக்கவில்லை. வில்லும் கோழியும் பெயரளவில் இருந்துகொண்டே, யாருக்கு உரியவை என்பதில் மட்டும் மாறின.

அந்தக் கோழியூரிலேதான் திருப்பாணாழ்வார் அவதரித்தார். பாணர் குலத்தவர் ஆதலால் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடினார். லோகஸாரங்க முனிவரைக் கொண்டு அவரைத் தோளில் சுமந்துவரச் செய்து, அரங்கன் தன் திருமேனியை அடிமுதல் முடிவரை காட்டினான். பெரியோர் இவரை ஸ்ரீவத்ஸ அம்சம் என்றனர். அதாவது, ஊரார் குலங்காட்டி விலக்கியவரை, எம்பெருமான் திருமார்பிலுள்ள மறுவாகவே எண்ணினர். எல்லா ஆழ்வார்களையும் ஆயுதம், ஆபரணம், பரிஜனம் என்று அம்சப்படுத்தும் முறையில் இவருக்கு வாய்த்த இடம் ஊன்றி நோக்கத்தக்கது.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் கோழியையும் கூடலையும் எம்பெருமான் கோயில்கொண்ட இடங்களாகச் சேர்த்துப் பாடியதால், உறையூர் திருக்கோழி என்ற பெயரோடு திவ்யதேசங்களில் எண்ணப்படுகிறது. சோழன் திருமகளாய் ஆயில்யத்தில் அவதரித்த கமலவல்லி நாச்சியாரோடு அழகிய மணவாளன் அங்கே திருவரங்கத்தை நோக்கி வடக்கு முகமாய் நிற்கிறான். பங்குனி ஆதி ப்ரஹ்மோத்ஸவத்தில், ஸ்ரீரங்கத்துக் கொடிமரத்தில் கருடக்கொடி பறந்துகொண்டிருக்க, ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி நாச்சியாரோடு சேர்த்தி ஸேவை ஸாதிக்கிறார். புலிக்கொடிச் சோழனின் அரண்மனை அங்கே மண்ணுக்குள் கிடக்கிறது. 1960களில் அகழ்ந்தவர்களுக்குப் பானையோட்டு எழுத்துக்களும் சாயத்தொட்டியும் கிடைத்தன. நம்பெருமாள் அவ்வூருக்கு மாப்பிள்ளை. அன்றிரவே திரும்பி எழுந்தருளி, பங்குனி உத்தரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியார் கதவடைக்க, நம்மாழ்வார் வந்து ஸமாதாநம் சொல்லும் வரை வெளியே நிற்கிறார்.