விரைவுச்சாலையில் இருசக்கர வாகனம்: விலக்கலின் வரலாறும் சிவகிரி வழித்தடமும்

இருசக்கர வாகனங்களை விரைவுச்சாலைகளிலிருந்து முற்றாக விலக்கும் வழக்கம் அச்சாலைகள் தோன்றிய காலத்தில் இருக்கவில்லை. ஐரோப்பாவில் அவை உருவானபோது ஒரு வண்டி எவ்வளவு வேகத்தில் நிலையாகச் செல்லும் என்பதே அனுமதிக்கு அளவுகோலாக இருந்தது. ஆசிய நாடுகள் பலவற்றில், இருசக்கர வாகனமே பெரும்பான்மை மக்களின் வண்டியான பிறகு, அந்த அளவுகோல் விலகி வண்டியின் வகையே தடைக்குக் காரணமானது. இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், இந்தியச் சட்டத்தில் அது பெற்ற வடிவத்தையும், திருமங்கலம் முதல் கொல்லம் வரை செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாகி வரும் இக்காலத்தில் தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டாரத்தில் அது எழுப்பும் கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விரைவுச்சாலை என்பது அகலமான சாலையை மட்டும் குறிப்பதன்று. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஏறவும் இறங்கவும் இயலும் வகையில் இருபுறமும் வேலியிட்டு, குறுக்குச் சாலைகளை மேம்பாலமாகவோ சுரங்கப்பாதையாகவோ மாற்றி, எதிரெதிர்த் திசைப் போக்குவரத்தை நடுத்திட்டால் பிரித்து அமைக்கப்படும் இச்சாலையின் அடிப்படைப் பண்பு நுழைவுக் கட்டுப்பாடு ஆகும். 1924இல் இத்தாலியின் மிலான் நகருக்கும் வரேசேக்கும் இடையே திறக்கப்பட்ட சாலை இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இத்தாலியில் 2024 வரை 150 சிசிக்குக் குறைந்த திறனுடைய மோட்டார் சைக்கிள்களுக்கே அச்சாலைகளில் இடமில்லாதிருந்தது. ஜெர்மனியில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்படி வடிவமைக்கப்பட்ட எந்த மோட்டார் வாகனமும் செல்லலாம். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் நடந்து செல்வோர், கால்நடைகள், மிதிவண்டிகள், மொபெட்டுகள், சமதரையில் உரிய வேகத்தை எட்ட இயலாத வண்டிகள் ஆகியவற்றை விலக்கியதே தவிர, மோட்டார் சைக்கிளை விலக்கவில்லை.

சீனாவின் வரலாறு இவ்விடத்தில் விரிவான கவனத்துக்கு உரியது. ஷாங்காயிலிருந்து ஜியாடிங் வரையிலான அந்நாட்டுப் பெருநிலத்தின் முதல் விரைவுச்சாலை 1988 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2003இல் நிறைவேற்றப்பட்டு 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்படி வடிவமைக்கப்படாத வாகனங்கள் விரைவுச்சாலையில் நுழையக்கூடாது என்கிறது. அதன் செயலாக்க விதிகள் மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோமீட்டர் என உச்ச வேகம் குறித்து, இருசக்கர மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லக்கூடாது என்றும் கூறுகின்றன. உச்ச வேகம் வகுத்திருப்பதிலிருந்தே தேசியச் சட்டம் மோட்டார் சைக்கிளை அனுமதிக்கிறது என்பது தெளிவு. ஆயினும் மாகாணங்கள் பலவும் தத்தம் ஒழுங்குவிதிகளாலும், நுழைவாயில்களில் நிறுத்திய தடைப் பலகைகளாலும் அவ்வனுமதியைப் பயனற்றதாக்கின. பெருநகரங்களும் இதே திசையில் சென்றன. குவாங்சோ நகரம் 2007 ஜனவரி 1 முதல் நகர்ப்பகுதியில் மோட்டார் சைக்கிளை முழுமையாகத் தடைசெய்தது.

தேசியச் சட்டம் ஒன்று கூற, வட்டார நடைமுறை வேறாக அமைந்ததன் சுமையைச் சுமந்தவர்கள் எவர் என்பதற்கு, குவாங்டாங் மாகாணத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வசந்த விழாவுக்கு ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களின் பயணமே சான்று. ரயில் பயணச்சீட்டு கிடைக்காதவர்களும் அதன் கட்டணத்தைச் சேமிக்க விரும்பியவர்களுமாக, இலட்சக்கணக்கானோர் குவாங்சி, குய்சோ பகுதிகளிலுள்ள தம் ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளிலேயே கூட்டம் கூட்டமாகச் சென்றனர். விரைவுச்சாலை அவர்களுக்குத் திறக்கப்படாததால், குளிர்காலப் பனியிலும் மழையிலும் 321ஆம் எண் தேசியச் சாலையின் வளைவுகளில், மனைவி மக்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருந்தது. வழியில் காவல்துறையினர் குழுக்களுக்குத் துணைவண்டி அனுப்பியதும், தன்னார்வலர்கள் சூடான கஞ்சி வழங்கியதும், வண்டிகளை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்ததும் பாராட்டத்தக்கவை. 2014 டிசம்பர் இறுதியில் குவாங்சோவிலிருந்து நான்னிங், குய்யாங் நகரங்களுக்கு அதிவேக ரயில் தடங்கள் திறக்கப்பட்ட பின்னரே இப்பெருங்கூட்டம் படிப்படியாகக் குறையத் தொடங்கியது. தடை வாகனங்களைக் குறைக்கவில்லை, அவற்றைத் தாழ்ந்த தரமுள்ள சாலைக்குத் தள்ளியது. மாற்று வழி கிடைத்தபோதுதான் அவை குறைந்தன என்பது இதிலிருந்து பெறப்படும்.

மற்ற ஆசிய நாடுகளில் தென்கொரியா 1972இல் விதித்த தடையை இன்றுவரை தளர்த்தவில்லை. ஜப்பானோ 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைத் தொடர்ந்து அனுமதித்து, இருவர் செல்லும் உரிமையையும் 2005 ஏப்ரலில் வழங்கியது. இலங்கையில் 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் தொடக்கம் முதலே மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை. தமிழர் கணிசமாக வாழும் மலேசியா இவற்றிலிருந்து வேறுபட்ட வழியைத் தேர்ந்தது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் அமைக்கப்பட்டது. ராடின் உமரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் அத்தடத்தை ஆராய்ந்து, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தனர். வடக்கு-தெற்கு விரைவுச்சாலையிலும் மோட்டார் சைக்கிள்கள் சுங்கக் கட்டணமின்றிச் செல்கின்றன. வேகவேறுபாடே இறப்புக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்ட பின்னும், வேறுபட்ட வேகங்களைப் பிரித்துவைக்கும் பொறுப்பைச் சாலை அமைப்பவரே ஏற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஆசியாவில் இல்லை.

இந்தியாவில் வாகனங்களைச் சாலையிலிருந்து விலக்கும் அதிகாரம் பழையது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பையோ சாலையின் தன்மையையோ முன்னிட்டு குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடைசெய்ய மாநில அரசுக்கு இடமளிக்கிறது. 2002இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்த மும்பை-புனே விரைவுச்சாலையில் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களும் டிராக்டர்களும் தடைசெய்யப்பட்டன; 2009இல் திறக்கப்பட்ட பாந்த்ரா-வொர்லி கடற்பாலமும் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவும் அதே வழியைப் பின்பற்றின. உத்தரப்பிரதேசத்தில் 2012இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலையோ இருசக்கர வாகனங்களிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு அனுமதித்தது. நாட்டளவில் ஒரே கொள்கை இல்லாத நிலையையே இவை காட்டுகின்றன. வேகவரம்பை வகுத்த 2018ஆம் ஆண்டு அறிவிக்கைகூட, விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோமீட்டர் என்று குறித்து, அனுமதிக்கப்பட்டிருந்தால் என்னும் நிபந்தனையைச் சேர்த்துக் கேள்வியைத் திறந்தே வைத்தது.

இவ்வகையில் ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தாத ஆவணம் 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளாகும். அவ்விதிகளின்படி இருசக்கர வாகனங்கள், மூன்று சக்கர வாகனங்கள், டிராக்டர்கள், மாட்டு வண்டி போன்றவற்றுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. ஆனால் சேவைச் சாலையோ மாற்றுச் சாலையோ உள்ள இடத்தில் மூன்று சக்கர வாகனமும் டிராக்டரும் முதன்மைச் சாலையில் செல்லக்கூடாது. அத்தகைய இடத்தில் இருசக்கர வாகனம் முதன்மைச் சாலையைப் பயன்படுத்தினால் காருக்குரிய கட்டணத்தில் பாதியைச் செலுத்த வேண்டும். சேவைச் சாலை என்பது முதன்மைச் சாலைக்கு இணையாக, வட்டாரப் போக்குவரத்துக்கென்று அமைக்கப்படும் சாலை. நம் பக்கத்தில் மக்கள் சர்வீஸ் ரோடு என்பர். மாற்று வழி இருந்தால்தான் கட்டுப்பாடு என்னும் கருத்து இவ்விதியில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. தடையின் நியாயத்தை அளக்க இதுவே சரியான கருவி.

2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையில் அக்கருவி சோதிக்கப்பட்டது. அங்கு அடுத்தடுத்து நேர்ந்த உயிரிழப்புகளைத் தொடர்ந்து, 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம், போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஜூலையில் அறிவிக்கை வெளியிட்டு, ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ, டிராக்டர் முதலியவற்றை ஆறுவழி முதன்மைச் சாலையிலிருந்து விலக்கியது. வேகமாகச் செல்லும் வாகனங்களுக்கிடையே மெதுவாகச் செல்வோர் உயிரிழப்பது தடுக்கப்பட வேண்டும் என்னும் நோக்கம் சரியானதே: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எனினும் அங்கு இருபுறமும் இருவழிச் சேவைச் சாலை அமைந்திருந்ததால்தான் அத்தடை நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. அச்சாலை அறுபட்டிருந்த இடங்களைப் பற்றியே வட்டார மக்களின் முறையீடுகள் எழுந்தன.

தமிழ்நாட்டு நான்கு வழிச்சாலைகளில் இருசக்கர வாகனங்கள் பொதுவாகத் தடையின்றிச் செல்கின்றன. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு உற்பத்தியும், 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் இம்மாநிலத்துச் சாலைகளின் தன்மையையே மாற்றின. குறிப்பாக மொபெட், சந்தைக்குச் செல்லும் விவசாயிக்கும் பால்காரருக்கும் சரக்கு வண்டியாகவே ஆனது. ஐரோப்பிய வேக அளவுகோலின்படி பார்த்தால் இவ்வண்டிக்கு விரைவுச்சாலையில் இடமில்லை, அது தேவையுமில்லை. அதற்குத் தேவை பாதுகாப்பான வேறொரு சாலை.

சிவகிரியின் நிலை இங்குதான் முதன்மை பெறுகிறது. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள இவ்வூரும், இதற்குத் தெற்கே வாசுதேவநல்லூரும் புளியங்குடியும் ரயில் தடத்தில் அமையவில்லை. ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதை சங்கரன்கோவில் வழியாகக் கிழக்கே விலகிச் செல்வதால், இவ்வூர்களுக்கு முன்னர் 208 என்றும் இப்போது 744 என்றும் எண்ணிடப்பட்ட சாலை ஒன்றே உயிர்வழி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளிலிருந்து புளியங்குடிச் சந்தைக்குச் செல்லும் எலுமிச்சை மூட்டைகள், பால் கேன்கள், புல்லுக்கட்டுகள், பள்ளி மாணவர்கள், வயல்வேலைக்குச் செல்வோர் என அனைவரும் செல்லும் அதே சாலையில்தான், புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள், சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு விரையும் கார்கள், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பக்தர்களின் வேன்கள் ஆகியனவும் செல்கின்றன. இத்தனை வேறுபட்ட வேகங்களும் நடுத்திட்டில்லாத இருவழிச் சாலையில் ஒன்றுகலப்பது ஆபத்தானது. நான்கு வழிச்சாலை வேண்டும் என்பதில் ஐயமில்லை.

திருமங்கலம்-ராஜபாளையம் பகுதி நான்கு வழியாக்கப்பட்டு வருகிறது. ராஜபாளையம்-செங்கோட்டைப் பகுதிக்கான திட்டம், ஊர்களைத் தவிர்த்துப் பெரும்பாலும் புதிய தடத்தில் செல்லும் வகையில் முன்வைக்கப்பட்டதால், நன்செய் நிலங்களும் நீர்வழிகளும் பாதிக்கப்படும் என்று விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வெதிர்ப்பு நிலம் பற்றியது. ஆனால் அதனுடன் சேர்த்து எழுப்பப்பட வேண்டிய மற்றொரு கேள்வி பயன்பாடு பற்றியது. புதிய சாலை நுழைவுக் கட்டுப்பாட்டுடன் அமையுமாயின், அதற்கு நிலம் கொடுத்தவரின் மொபெட்டும் டிராக்டரும் அதில் ஏற இயலாமற்போகலாம். அவ்வாறு நேரும்போது ஊர்களின் ஊடே செல்லும் இன்றைய சாலையே அவர்களுக்கு மாற்றுச் சாலையாக இருக்கும். புறவழிச்சாலை அமைந்ததும் பழைய பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைப்பது வழக்கமாகையால், அதன்பின் அதைப் பராமரிக்கும் செலவு வேறொரு கணக்குக்கு மாறிவிடும்.

எனவே சேவைச் சாலை எந்த இடத்திலும் அறுபடாமல் செல்வதும், வயலுக்குச் செல்லும் சுரங்கப்பாதைகள் கதிர் அறுவடை இயந்திரம் நுழையும் உயரத்துடன் அமைவதும், ஒப்படைக்கப்படும் பழைய சாலை அதற்கு முன்பே மேற்பரப்பு புதுப்பிக்கப்பட்டு, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பேருந்து நிறுத்தங்களில் விளக்கும் நடைபாதையும் பெறுவதும், நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைக்கு முன் விரிவான திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். கட்டுமானம் முடிந்த பின் இவற்றைச் சேர்க்கப் புதிய நிலமும் புதிய நிதியும் தேவைப்படும். அதற்குள் தடைப் பலகை மட்டும் முதலில் வந்துவிடும்.