வரிக் கணக்கில் இடமில்லாத பாட்டி: இந்திய வருமான வரியில் சார்ந்திருப்போர்

இந்தியாவில் தனிநபர் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கில் பான் எண், வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன் வட்டி என எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அந்த வருமானத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும் கட்டம் மட்டும் கிடையாது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், ஒருவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால், அப்போதுதான் அவர் வரிச் சட்டத்தின் கண்ணில் படுகிறார். அப்போதும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதற்குப் பிரிவுக்குப் பிரிவு விடை மாறுகிறது. குடும்பத்தின் வருமானத்தைச் சேர்த்துக் கூட்டத் தயங்காத சட்டம், குடும்பத்தின் சுமையை எண்ணிப் பார்க்கத் தயங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மணமானவருக்கு ரூ. 2,000, மணமாகாதவருக்கு ரூ. 1,000 என வரியில்லா வரம்பு வேறுபடுத்தப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், குழந்தை ஒன்றுக்கு ரூ. 300 வீதம் இரண்டு குழந்தைகள் வரை கூடுதல் சலுகையும் வந்தது. தொகை சிறிதுதான். ஆனால் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், பிள்ளை குட்டியோடு இருப்பவரின் வரி கட்டும் திறன் குறைவு என்பதை அன்றைய அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னாளில் அந்த ஏற்பாடு மறைந்து, இன்ன செலவுக்கு இன்ன கழிவு என்ற முறை நிலைத்தது.

2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அந்தக் கழிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் குழப்பத்தின் ஆழம் புரியும். பிரிவு 80சி, பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் ஏற்கிறது. பிரிவு 80இ, கல்விக் கடன் வட்டிக்குக் கணவன் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும், சட்டப்படிக் காப்பாளராக இருந்து வளர்க்கும் மாணவரையும் ஏற்கிறது. தம்பியைப் படிக்க வைக்கும் அக்காவுக்கு அதில் எதுவும் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கான பிரிவு 80டி, பிள்ளைகள் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது; பெற்றோருக்கு அந்த நிபந்தனையே இல்லை. நல்ல ஓய்வூதியம் வாங்கும் தந்தைக்கு மகன் பிரீமியம் கட்டினாலும் கழிவு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 80டிடியும் குறிப்பிட்ட கடும் நோய்களுக்கான 80டிடிபியும் வட்டத்தைச் சற்று விரிக்கின்றன: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர், முழுமையாகவோ பெரும்பாலுமோ வரி செலுத்துபவரை நம்பியிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு எந்தப் பிரிவிலும் தொகை வரம்பு இல்லை. மாதம் ஐயாயிரம் ரூபாய் குடும்ப ஓய்வூதியம் பெறும் விதவைத் தாய் பெரும்பாலும் மகனை நம்பியிருக்கிறாரா? பதினைந்தாயிரம் பெற்றால்? ஆடிட்டருக்கு ஆடிட்டர் விடை வேறுபடலாம். இவற்றில் மிகவும் மனிதத்தன்மை உள்ள பிரிவு 80டிடி என்று தயங்காமல் சொல்லலாம். உடற்குறை 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் ரூ. 75,000, 80 விழுக்காட்டைத் தொட்டால் ரூ. 1,25,000 என, செலவழித்த தொகை எவ்வளவு என்று பார்க்காமல் நிலையான கழிவை அது தருகிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையை நாள் முழுதும் தூக்கிச் சுமக்கும் தாயிடம் ரசீதுக் கட்டைக் கேட்கக் கூடாது என்ற புரிதல் அதில் இருக்கிறது.

அந்தப் பிரிவிலும் ஒரு கொடுமை நெடுங்காலம் இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரில் எல்ஐசியின் ஜீவன் ஆதார் போன்ற திட்டத்தில் பணம் கட்டிக் கழிவு பெற்றால், கட்டியவர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் கிடைக்க வேண்டும். இதை எதிர்த்த வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்யவில்லை. மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பெற்றோரோ காப்பாளரோ 60 வயதைத் தொட்டதும், அவர் உயிரோடிருக்கும்போதே தொகையைப் பெறலாம் என்று 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விதியைத் திருத்தியது. நியாயத்தை எடுத்துச் சொன்னால் நாடாளுமன்றம் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் மாமியாரும் பாட்டியும் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள். திருச்சியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கணவனை இழந்தபின் மாமியாரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமியாரின் காப்பீட்டு பிரீமியம், டயாலிசிஸ் செலவு எதற்கும் அவருக்குக் கழிவு இல்லை. பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த பேரன், அந்தப் பாட்டியின் சிகிச்சைக்குப் பணம் கட்டினாலும் அதே நிலைதான். இங்கே அரசு தனக்குத்தானே முரண்படுகிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பேரன் பேத்தியையும் 'பிள்ளைகள்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தீர்ப்பாயத்தின் ஆணைப்படி மாதம் ரூ. 10,000 வரை பாட்டிக்குக் கொடுக்க அவர்களைக் கட்டாயப்படுத்தலாம். ஒரு சட்டம் கடமையாக்கும் செலவை இன்னொரு சட்டம் செலவாகவே மதிக்கவில்லை.

வருமானம் என்று வரும்போது சட்டத்தின் பார்வை சட்டென்று விரிந்துவிடுகிறது. மைனர் பிள்ளையின் வருமானத்தை, பெற்றோரில் யாருடைய வருமானம் அதிகமோ அவருடையதோடு சேர்க்கச் சொல்கிறது பிரிவு 64(1ஏ). பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தாலோ மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு. பாட்டனார் பேத்தி பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டி அப்பாவின் வருமானமாகிவிடும். இதற்கு ஈடாகத் தரப்பட்ட விலக்கு பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 1,500. புதிய வரிமுறையில் அதுவும் கிடையாது.

2020இல் அறிமுகமாகி, 2023-24 நிதியாண்டு முதல் இயல்புநிலைத் தேர்வாகிவிட்ட அந்தப் புதிய வரிமுறை, மேலே சொன்ன 80டி, 80டிடி, 80டிடிபி கழிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டுக் குறைந்த விகிதங்களைத் தருகிறது. 2025-26 முதல் ரூ. 12 லட்சம் வரை வரியில்லை என்றான பிறகு, இதைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரி விதிப்புக்குரிய வருமானம் ரூ. 15 லட்சம் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தனியாள், மற்றவர் மாற்றுத்திறனாளி மகனையும் வயதான தாயையும் காப்பாற்றுகிறார். புதிய முறையில் இருவருக்கும் வரி ரூ. 1,05,000; செஸ் சேர்த்தால் ரூ. 1,09,200. சம வசதி உள்ளவர்களுக்குச் சம வரி என்ற கொள்கை இங்கே தலைகீழாகிவிட்டது. படிவம் எளிமையானது உண்மை. அந்த எளிமைக்கு விலை கொடுப்பவர் இரண்டாமவர் மட்டுமே.

சலுகை கொடுத்தால் பொய்க் கணக்கு பெருகும் என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் அது நடந்தது. சார்ந்திருக்கும் குழந்தைகளின் சமூகப் பாதுகாப்பு எண்ணை 1987 வரிக் கணக்கு முதல் கட்டாயமாக்கியபோது, முந்தைய ஆண்டு உரிமை கோரப்பட்ட சுமார் 70 லட்சம் பேர் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். இந்நிகழ்ச்சி சலுகையை ஒழிக்கச் சொல்லவில்லை. எண்ணைக் கேட்டாலே போதும் என்று காட்டியது. ஆதாரும் பானும் இணைக்கப்பட்ட இந்தியாவில், ஒருவரை இரண்டு பேர் உரிமை கோருவதைக் கண்டுபிடிப்பது அன்றைய அமெரிக்காவைவிட எளிது.

வரையறுப்பது கடினம் என்ற வாதத்தில் வலு குறைவு. மத்திய அரசே தன் ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் இதைச் செய்து முடித்திருக்கிறது. மாதம் ரூ. 9,000, அதற்குரிய அகவிலைப்படி என்ற வருமான வரம்பு அங்கே உண்டு. பெண் ஊழியர் தம் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ தேர்ந்துகொள்ளலாம். தமிழர்களும் வாழும் சிங்கப்பூர் இன்னும் தெளிவு. அங்கு பெற்றோர் வரிக்கழிவில் மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி எல்லோரும் அடக்கம். உடன் வசிப்பவருக்கு 9,000 வெள்ளி, தனியே வசிப்பவருக்கு 5,500 வெள்ளி. சார்ந்திருப்பவரின் ஆண்டு வருமான வரம்பு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி. பல பிள்ளைகள் சேர்ந்து பார்த்துக்கொண்டால் கழிவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தியாவுக்குத் தேவையான திருத்தம் இதிலிருந்து தெளிவாகிறது. எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான ஒரே வரையறை வேண்டும். மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி அதில் இடம்பெற வேண்டும். வருமான வரம்பை எண்ணில் சொல்ல வேண்டும். சலுகையை இரண்டு வரிமுறைகளிலும் தர வேண்டும். அதை வருமானத்திலிருந்து கழிக்காமல் வரியிலிருந்தே கழிப்பது நல்லது. பழைய முறையில் ரூ. 75,000 கழிவு 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு ரூ. 22,500 மிச்சமாக்குகிறது, 20 விழுக்காட்டில் இருப்பவருக்கு ரூ. 15,000 மட்டும். குழந்தையின் தேவையோ இரு வீட்டிலும் ஒன்றே. அமெரிக்கா 2018இல் சார்ந்திருப்போருக்கான விலக்கைச் சுழியமாக்கியபோதும், பெற்றோர் போன்ற பிற சார்ந்தோருக்குத் தலா 500 டாலரை வரியிலிருந்தே கழிக்க வழி செய்தது. அந்நாட்டில் தாயைக் கூட்டாகப் பராமரிக்கும் உடன்பிறந்தோர், பத்து விழுக்காட்டுக்கு மேல் செலவை ஏற்கும் ஒருவர் அந்த ஆண்டு உரிமை கோரட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவும் முடியும். ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் தம்பி வீடு என்று தாய் மாறி மாறி வாழும் நம் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட ஒரு படிவம் மிகவும் பொருந்தும்.