தமிழ்நாட்டில் கோல்ஃப் விடுமுறைப் பயணம்: வரலாறும் இன்றைய நிலையும்

கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) ஆடுவதற்காக மலை ஊர்களுக்குச் சென்று சில நாள் தங்கி வரும் வழக்கம் தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோன்றியது. உதகமண்டலம், வெலிங்டன், கோடைக்கானல் ஆகிய ஊர்களில் உள்ள மைதானங்கள் அக்காலத்தின் எச்சங்கள் ஆகும். மாதவரத்திலிருந்து முதன்முறையாக இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடும் ஒருவர், பெரும்பாலும் அன்று போடப்பட்ட பாதையிலேயே செல்கிறார். அப்பாதை வடசென்னையில்தான் தொடங்கியது.

ஆட்டம் வந்த வழி

கோல்ஃப் ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஆட்டம். வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக இருக்கிறது என்று 1457-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. 1764-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் 18 குழிகள் என்ற அமைப்பு ஏற்பட்டு, பின்னர் அதுவே எங்கும் வழக்கமாயிற்று.

ஆங்கிலேய வணிகர்களும் படை அதிகாரிகளும் இவ்வாட்டத்தைக் கிழக்கே கொண்டுவந்தனர். 1829-இல் கல்கத்தாவிலும், 1876-இல் பெங்களூரிலும், 1879-இல் கொழும்பிலும், 1889-இல் நுவரெலியாவிலும் கோல்ஃப் கழகங்கள் தோன்றின. சென்னையில் 1884-இல் நிறுவப்பட்ட ஜிம்கானா கழகத்தின் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் அமைந்தது. 1873-இல் தொடங்கப்பட்ட காஸ்மோபாலிட்டன் கழகத்தின் மைதானம் நந்தனத்தில் உள்ளது. இவ்விரண்டும் நகரின் தென்பகுதியில் இருப்பவை. துறைமுகமும் ஆலைகளும் பெருகிய ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்கு இவ்வாட்டம் தொலைவிலேயே இருந்தது.

ராயபுரத்திலிருந்து மலைக்கு

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 சூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. இப்பாதை மேற்கே நீண்டு, 1862-க்குள் போத்தனூரைத் தாண்டியது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை கிளைப்பாதை வந்தது. பற்சக்கர ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டர் மலைப்பாதையை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தப் பாதைகள் கோல்ஃபுக்காகப் போடப்பட்டவை அல்ல. உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக இருந்தது. வெயில் தொடங்கியதும் ஆளுநரும் அதிகாரிகளும் மலையேறினர். அவர்களுடன் அலுவலகக் கோப்புகளும் சென்றன; பொழுதுபோக்குகளும் சென்றன. கோடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் குடியேறினர். அங்கே கோல்ஃப் கழகம் 1895-இல் உருவானது. மலைக்கு மோட்டார் சாலை அமைவதற்கு முன் அவ்வூருக்குச் சென்றவர்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்தனர். அங்கிருந்து பலர் ஆட்கள் தூக்கிய நாற்காலிகளில் மேலே சென்றனர்.

ஆடியவரும் சுமந்தவரும்

மலைக்குப் பயணியைச் சுமந்தவர்களைப் போலவே, மைதானத்தில் மட்டைப் பையைச் சுமந்தவர்களும் உள்ளூர்த் தொழிலாளர்களே. 'கேடி' எனப்படும் இவ்வுதவியாளர் பையைத் தூக்குவதோடு நிற்பதில்லை. தரையின் சரிவையும் காற்றின் போக்கையும் பார்த்து எந்த மட்டையை எடுக்கலாம் என்றும் சொல்வார். உறுப்பினராக முடியாத பலர் இப்படிப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றனர். இந்திய ஓப்பன் போட்டியை 1991-இல் வென்று, அப்பட்டம் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாகத் தொடங்கியவர்.

நிலம் யாருக்கு?

18 குழி மைதானத்துக்குப் பெரும் பரப்பு தேவை. பழைய மைதானங்கள் பல அரசு நிலத்தில் அமைந்தவை. ஆனால் அவற்றுள் நுழையும் உரிமை உறுப்பினர்களிடம் இருந்தது. கிண்டியில் சுமார் 160 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் பந்தயக் கழகத்திடம் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அக்குத்தகையை ரத்து செய்தது. நகரின் மையத்தில் உள்ள இந்நிலம் பூங்காவுக்கும் மழைநீரைத் தேக்கும் குளங்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. இது உயர் நீதிமன்ற வழக்காகவும் ஆனது. பொது நிலத்தைச் சிலரின் ஆட்டத்துக்கு ஒதுக்கலாமா, பசும்புல் வெளி கட்டடமாகாமல் காத்ததற்காக மைதானத்தை விட்டுவைக்கலாமா என்ற இரு வாதங்களும் இதில் உள்ளன.

முதல் பயணத்துக்கு உரியவை

இந்த வரலாற்றின் விளைவை முதன்முறை செல்பவர் நேரடியாகவே உணர்வார். மலை மைதானங்கள் கழகங்களுக்கு உரியவை என்பதால் அறை பதிவு செய்யும் முன்பே சிலவற்றைக் கேட்டறிய வேண்டும்: விருந்தினருக்கு அனுமதி உண்டா, உறுப்பினரின் பரிந்துரை தேவையா, மைதானக் கட்டணமும் கேடிக்கு உரிய ஊதியமும் எவ்வளவு, மட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா, உடைக் கட்டுப்பாடு என்ன.

ஊரிலேயே பயிற்சித் திடலில் சில வாரம் பழகிவிட்டுச் செல்வது நல்லது. ஒருவர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்பது விதி. தொடக்கநிலையில் அதில் பாதியே போதும். 2020-இல் வந்த உலகத் தரக்கணக்கு முறை 54 வரை சலுகை எண்ணிக்கை தருவதால், புதியவரும் அனுபவசாலியும் சேர்ந்து ஆட முடியும். மலையில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் அடித்த பந்து சமவெளியைவிடச் சற்றுக் கூடுதல் தொலைவு செல்லும்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் மிகுதி. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோருக்கு இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது. மழை ஓய்ந்த சனவரி முதல் மார்ச் வரையிலான காலம் புதியவருக்கு ஏற்றது. இரவில் சென்ட்ரலில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டி மறுநாள் காலை மேட்டுப்பாளையம் சேர்கிறது. அங்கிருந்து மலை ரயிலில் செல்ல விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும், இருக்கைகள் குறைவு.